“சரி” என்று சொல்லிவிட்டு வேறு எதையோ செய்கிறார்கள். தப்பு யார் பேரில்?

4 மார்ச் 2025, இரவு 9:15 (கேள்வி)

கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் ஏழு பேருக்கு டீம் லீடராகி ஐந்து மாதம் ஆகிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் என்ன வேலை, எப்படிச் செய்வது என்று விளக்கமாகச் சொல்கிறேன். “புரிந்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் முடிக்கிறேன். எல்லாரும் சரி என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் ஆளுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். நான் சொல்வதில் குறை இல்லை, கேட்பவர்களுக்கு அக்கறை இல்லை என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச் 2025, இரவு 11:40

தம்பி, ஆளுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஏழு பேரும் வெள்ளிக்கிழமை வரை உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர் ஒன்றுமே செய்திருக்க மாட்டார்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். 1999இல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன், அப்புறம் லைன் லீடர், இப்போது இந்த வேலை. “புரிந்ததா?” என்ற கேள்வியை நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரே ஒரு பதில்தான் வரும். தமிழர் ‘சரிக்கா’ என்பார், மலாய்க்காரர் ‘போலே’ என்பார். “புரியவில்லை” என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல யாருக்கு மனம் வரும்? சரி என்றால் ‘காதில் விழுந்தது’, ‘உங்களோடு சண்டை இல்லை’, ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று எதுவாகவும் இருக்கலாம். புரிந்தது என்பது அதில் ஒரு வகை, அவ்வளவுதான்.

தூக்கம் வருகிறது. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

5 மார்ச் 2025, இரவு 10:20

சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

எங்கள் லைனில் மின்சுற்று போர்டில் பாகங்களைப் பதிப்பதற்கு முன், அவற்றை ஒட்டவைக்கும் சோல்டர் பேஸ்ட் தடவ வேண்டும். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி இருக்கும், டப்பாவில் வரும். குளிர்பெட்டியில்தான் வைப்போம். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். திறந்துவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நேரம் கடந்தால் காய்ந்து போகும், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒருநாள் இரவு ஷிஃப்ட். குளிர்பெட்டியில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. தேதி முந்தியதை முதலில் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் அவசரமாக நடந்துகொண்டே, நேப்பாளத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பியிடம் மலாயில் சொன்னேன்: “பாக்காய் யாங் லாமா டூலு.” பழையதை முதலில் பயன்படுத்து. அவர் தலையை ஆட்டினார். “போலே, காக்.” சரி அக்கா.

விடியற்காலை நான்கு மணிக்குச் சோதனை இயந்திரம் வரிசையாகச் சிவப்பு காட்ட ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாலை ஷிஃப்டில் திறந்து, நேரம் கடந்து, தூக்கிப் போடுவதற்காக மேசை ஓரத்தில் வைத்திருந்த டப்பாவை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். மூடியில் விளிம்பெல்லாம் காய்ந்து பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஓடிய போர்டுகள் அத்தனையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

நான் கத்தினேன். “சொன்னேனா இல்லையா?” என்று. அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாகச் சொன்னார்: “காக் சக்காப் லாமா.” அக்கா பழையது என்றுதான் சொன்னீர்கள்.

சொன்னதைச் சொன்னபடிதான் செய்திருக்கிறார். பழையது என்றால் என் தலையில் தேதி முந்திய டப்பா. அவர் கண் முன்னால் இருந்ததோ நிஜமாகவே பழைய டப்பா. அந்த மேசையில் அதைவிடப் பழையது வேறு இல்லை. காலையில் மேலாளரிடம் போய், “தவறு என் பேரில், நான் சொன்ன விதம் சரியில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் நான் எழுதியது உண்மை என்று எனக்கே உறைத்தது.

6 மார்ச் 2025, மாலை 6:05

ஒருவர் கேட்டிருக்கிறார்: “மலாயில் சொன்னதால் வந்த குழப்பம்தானே? எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னால் தீர்ந்தது.” தீராது. அதே வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாலும் அவர் அந்த டப்பாவைத்தான் எடுத்திருப்பார். தமிழில் எனக்கே யாராவது சொல்லியிருந்தாலும், ஷிஃப்டுக்குப் புதியவளாக இருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். கோளாறு ‘பழையது’ என்ற வார்த்தையில் இருந்தது.

9 மார்ச் 2025, காலை 11:30

விடுமுறை நாள். நேரம் இருக்கிறது.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. எல்லாரும் விளக்கோடு வந்து நிற்க, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஆள் எந்த மர வரிசை என்று சொல்வார். அப்பா அடிக்கடி சொல்வது இது: 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். தீபகற்பமும் கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்துக்கு வருவதற்காக. தோட்டத்தில் அதற்கப்புறம் பல மாதம், யார் மணி சொன்னாலும் அடுத்த கேள்வி, “பழைய மணியா, புது மணியா?” கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம்கூட அதைக் கேட்டார்களாம்.

கேட்டதால் யாரும் முகூர்த்தத்தைத் தவறவிடவில்லை. இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சமயத்தில் அப்படிக் கேட்பதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை, ஏனென்றால் குழப்பம் ஊருக்கே பொது. என் லைனில் அந்தத் தம்பிக்கு மட்டும்தான் குழப்பம். தனியாளாக நின்று “எந்தப் பழையது?” என்று கேட்கத் துணிச்சல் வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி நான் நின்று பேசியிருக்க வேண்டும், நடந்துகொண்டே பேசியிருக்கக் கூடாது.

9 மார்ச் 2025, மதியம் 3:10

அதே நாள் இன்னொன்று. மகன் கிரிமியப் போர் பற்றி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்தேன். 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு குன்றின் மேல் நிற்கிறார். கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போகப் போவது அங்கிருந்து தெரிகிறது. எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கும்படி குதிரைப்படைக்கு எழுதி அனுப்புகிறார். கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டிருக்கிறார். உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டியிருக்கிறார், அதுவும் தெளிவில்லாத திசையில். 600க்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கின் கோடியில் இருந்த வேறு பீரங்கிகளுக்கு நேராகப் போனார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

எனக்கு அந்தக் குன்றுதான் மனதில் நின்றது. பொறுப்பு ஏற ஏற நாம் நிற்கும் இடமும் உயர்ந்துகொண்டே போகிறது. நாளைய ஆர்டர், மேலதிகாரி கவலை, வாடிக்கையாளர் போட்ட மின்னஞ்சல் எல்லாம் நமக்குத் தெரிகிறது. கீழே நிற்பவருக்கு மேசையும் டப்பாவும்தான் தெரிகின்றன. தம்பி, உங்கள் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஏழு பேருக்கும் எது தெரியும், உங்களுக்கு மட்டும் எது தெரியும் என்று ஒருநாள் பிரித்து எழுதிப் பாருங்கள்.

10 மார்ச் 2025, இரவு 9:50

“சரி, என்னதான் செய்வது?” என்று தம்பி கேட்டிருக்கிறார். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

புரிந்ததா என்று கேட்பதில்லை. “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீங்கள் முதலில் எதை எடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்கிறேன். எந்த டப்பா என்று கையைக் காட்டச் சொல்கிறேன். முப்பது விநாடிகூட ஆகாது. தப்பான டப்பாவைக் காட்டினால், தப்பு நான் சொன்னதில்.

இது ஏன் தேவை என்பதற்கு ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1990இல் ஸ்டான்ஃபர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, பிரபலமான பாட்டுகளை மேசையில் விரலால் தட்டச் சொல்லி, எதிரில் இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தட்டியவர்கள் பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு நம்பாமல் கேண்டீனில் நானே தட்டிப் பார்த்தேன். ஊரே பாடும் ஒரு பழைய பாட்டு. எதிரில் தமிழ்ப் பெண்கள் நான்கு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கோ தலைக்குள் வயலின் வரை கேட்கிறது, எப்படித் தெரியாமல் போகும் என்று கோபமே வந்தது. தம்பி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு வரும் கோபமும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பாட்டு கேட்கிறது. அவர்களுக்குத் தட்டும் சத்தம் மட்டும்.

12 மார்ச் 2025, இரவு 10:15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். திருப்பிச் சொல்லச் சொல்வது எல்லாரிடமும் ஒரே மாதிரி செல்லாது.

எங்கள் லைனில் எனக்கு முன்பே சேர்ந்த ஓர் அக்கா இருக்கிறார். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். அவரிடமும் இதே மாதிரி கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்கே பரீட்சை வைக்கிறியா?” என்றார். நாலு நாள் என்னோடு சேர்ந்து பசியாறவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவரிடம் வேறு மாதிரி கேட்கிறேன்: “அக்கா, புதுசா வந்திருக்கிற பிள்ளைகள் இதில் எங்கே தடுமாறும்?” அவர் சொல்கிற பதிலிலேயே அவருக்குப் புரிந்ததா என்று தெரிந்துவிடும். பல தடவை நான் யோசிக்காத ஓட்டையும் தெரிந்துவிடும்.

12 மார்ச் 2025, இரவு 10:40

என் மேலாளர் ஒரு வேலை சொன்னால் நானும் திருப்பிச் சொல்கிறேன். மேலே செய்யாததைக் கீழே கேட்கக் கூடாது.

16 மார்ச் 2025, பிற்பகல் 2:00

இது நோன்பு மாதம். எங்களுக்கு ஷிஃப்ட் மாறுவது மாலை 7 மணிக்கு. பினாங்கில் நோன்பு திறப்பது ஏழரை மணி வாக்கில். 7 மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கிறவர்களுக்கு மனமெல்லாம் கடிகாரத்தில் இருக்கும், அது இயல்புதான். போன வருடம் ஒப்படைப்பு மூன்று வரியில் முடிந்துகொண்டிருந்தது. இந்த வருடம் 6:40க்கே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று முடித்துவிடுகிறோம். நோன்பாளிகள் நிம்மதியாகப் போகிறார்கள். நேரம் பார்த்துச் சொல்வதும் தெளிவில் ஒரு பங்கு என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்க்கார டெக்னீஷியன்.

இரவு ஷிஃப்டுக்காரர்களுக்கு இன்னொன்று. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு “நாளைக்குக் காலையில் முடித்துவிடு” என்றால் எந்தக் காலை? இன்னும் ஆறு மணி நேரத்தில் விடியப் போகிற காலையா, அதற்கு அடுத்ததா? எங்கள் லைனில் ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. தேதியும் மணியும் சொல்ல வேண்டும். ‘வெள்ளி இரவு 12 மணி’ என்றும் சொல்லக் கூடாது, அதற்கும் இரண்டு அர்த்தம்.

16 மார்ச் 2025, இரவு 8:30

“கீழே இருப்பவர்கள் பிரச்சினையை முன்கூட்டியே சொல்வதில்லை, அதற்கு லீடர் என்ன செய்வார்?” என்று இன்னொருவர். முக்கியமான கேள்வி.

1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம். மோசமான வானிலை, வானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வைத்தார்கள். கடைசியில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விமானிகள் ஆபத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பெரியவர்களிடம் சத்தமாகப் பேசத் தயங்கும் வழக்கம் நமக்கும் உண்டு.

17 மார்ச் 2025, காலை 6:20

நேற்று எழுதியது அரைகுறை. விமானத் துறையில் இருக்கும் ஒருவர் திருத்தினார், அவருக்கு நன்றி. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி கட்டுப்பாட்டாளரிடம் சொல்லத்தான் செய்தார். ‘அவசரநிலை’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல் இருந்தால்தான் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வழி விடுவார்கள். அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். சொல்லியாயிற்று என்றுதான் அவர் நம்பியிருக்க வேண்டும்.

பேருந்தில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ‘சொல்லச் சொன்னேன்’ என்று எத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அதனால் எங்கள் லைனில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ‘ஸ்டாப்’. எந்த மொழிக்காரரும் சொல்லலாம், நேற்றுச் சேர்ந்தவரும் சொல்லலாம். அதைச் சொன்னால் லைன் நிற்கும், ஏன் என்று அப்புறம்தான் கேட்போம். முதல் தடவை ஒரு பெண் அதைச் சொன்னபோது காரணம் ஒன்றுமில்லை, அவர் பார்த்தது வெறும் நிழல். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் நன்றி சொன்னேன். அன்று முகம் சுளித்திருந்தால் அந்தச் சொல் அன்றோடு செத்திருக்கும்.

23 மார்ச் 2025, மாலை 5:45

தம்பி எழுதியிருக்கிறார்: “எல்லாவற்றையும் இப்படி விளக்கிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இருக்காதா?” இருக்கும், எல்லாவற்றையும் சொன்னால். எதைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் பார்த்த மிகச் சிறந்த லீடர், தொழிற்சாலையில் வேலை செய்தவரே இல்லை.

போன மாதம் 11ஆம் தேதி தைப்பூசம். பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உதவிக்கு நின்றேன். பந்தலுக்குப் பொறுப்பு ஒரு வயதான அம்மா. காலை ஐந்து மணி, கூட்டம் நெருக்குகிறது, உறுமி மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, காதருகே வந்து சொன்னார்: “நீ மோர். மோர் மட்டும். தீர்ந்தா என்னைத் தேடாதே, அந்த நீலத் தொட்டியிலிருந்து மொண்டுக்கோ. நீலத் தொட்டி பாதிக்கு வந்தா அப்போ கூப்பிடு.” அவ்வளவுதான். மோரை எப்படி ஊற்றுவது, யாருக்கு முதலில் என்று ஒன்றும் சொல்லவில்லை. அதை என்னிடம் விட்டுவிட்டார். என் வேலை எது, நானே முடிவெடுக்கக்கூடியது எது, எப்போது அவரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவும் நாலைந்து சின்ன வாக்கியத்தில் வந்துவிட்டது. நாள் முழுக்க எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தொட்டி பாதிக்கு வந்தபோது கூப்பிட்டேன், இரண்டு பையன்கள் ஏற்கெனவே பனிக்கட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நீலத் தொட்டியைத்தான் நான் லைனில் இவ்வளவு நாளாகச் சொல்லாமல் விட்டிருந்தேன். வேலையைச் சொல்வேன், எது வரை அவர்கள் கையில் என்று சொல்ல மாட்டேன். அதனால் சிலர் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓடி வருவார்கள், சிலர் எதற்குமே வர மாட்டார்கள்.

23 மார்ச் 2025, இரவு 9:00

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டவருக்கு: இரண்டு நீலக் கோடு வந்தால் பார்த்தார்கள் என்று மட்டும் அர்த்தம். மாற்றம் எதையும் நான் குரூப்பில் மட்டும் போட்டு விடுவதில்லை. குரல் பதிவு அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன், இயந்திரச் சத்தத்தில் அதை யார் கேட்பது.

2 ஏப்ரல் 2025, இரவு 8:10

நோன்புப் பெருநாளுக்குப் பல வீடு போய்வந்த களைப்பு. தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். மீட்டிங்கில் “புரிந்ததா?” என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் முதலில் எந்த வேலையைத் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ஏழு பேரில் நான்கு பேர் வேறு வேறு ஃபைலைச் சொன்னார்களாம். “எனக்கு முகமே வெளுத்துவிட்டது அக்கா” என்கிறார். வெளுக்கட்டும் தம்பி. திங்கட்கிழமையே வெளுத்தது நல்லது, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லையே. அந்த நான்கு பேரும் உங்களிடம் உண்மையைச் சொன்னார்கள். அதற்கு நீங்கள் எப்படி முகம் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.

14 ஏப்ரல் 2025, இரவு 11:30

இன்று சித்திரைப் புத்தாண்டு. காலையில் வீட்டில் பாயசம், மாலை 7 மணிக்கு வேலை. இரவு ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன்.

குளிர்பெட்டிக்கு மறுபடி புதுச் சரக்கு வந்திருக்கிறது. அந்த நேப்பாளத் தம்பி இப்போது எங்கள் லைனில் மூத்த ஆபரேட்டர். எதிர் மூலையிலிருந்து ஓர் அவசரத்தில், பழைய பழக்கத்தில், நான் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்: “பாக்காய் யாங் லாமா டூலு.”

அவர் கையில் இருந்ததை வைத்துவிட்டு லைனைக் கடந்து என்னிடம் வந்தார். இரண்டு விரலை நீட்டிக் கேட்டார்: “லாமா யாங் மானா, காக்? தாரிக், அத்தாவ் சூடா பூக்கா?” எந்தப் பழையது அக்கா, தேதியா, திறந்து வைத்ததா?

தேதி என்றேன். குளிர்பெட்டிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் தேதி பார்த்தார். ஒன்றை எடுத்து, அங்கிருந்தே எனக்குத் தூக்கிக் காட்டினார்.